மெடலை மரத்தில் செய்தால் போதுமா?

திறந்தவெளிச் சுற்றுலா, விளையாட்டு நிகழ்ச்சிகள் இவற்றின் கார்பன் தடத்தை, அதாவது இவற்றால் வெளியாகும் கரியமில வாயுவின் அளவைக் குறைப்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை பிளாஸ்டிக் பாட்டிலைப் பற்றித்தான். அதற்கும் பதில் இருக்கிறது, ஆனால் நீங்கள் எதிர்பார்த்த பதிலாக இருக்காது. ஒரே மாதிரிக் கேள்விகளைச் சேர்த்தும், நீண்ட கடிதங்களைச் சுருக்கியும் போட்டிருக்கிறேன்.

ஓட்டப் பந்தய ஏற்பாட்டாளர் ஒருவர்: நண்பர்கள் சேர்ந்து வருஷா வருஷம் ஓட்டம் நடத்துகிறோம். ஆயிரம் பேர் வரை ஓடுவார்கள். இந்த முறை பிளாஸ்டிக் பாட்டிலை ஒழித்தோம், மெடலை மரத்தில் செய்தோம், பேனரைத் துணியில் அடித்தோம், 'பசுமை ஓட்டம்' என்று பெயரும் வைத்தோம். இதெல்லாம் கண்துடைப்பு என்று ஒருவர் எழுதிவிட்டார். மனசு கஷ்டமாக இருக்கிறது. அவர் சொல்வது நியாயமா?

பதில்: கண்துடைப்பு என்று நான் சொல்ல மாட்டேன். குப்பை குறைந்தது குறைந்ததுதான். ஆனால் குப்பை வேறு, கார்பன் வேறு. குப்பை கண்ணில் படும், போட்டோவில் விழும், அதனால் எல்லாரும் அங்கே ஆரம்பித்து அங்கேயே முடித்துக்கொள்கிறோம்.

ஒரு கணக்குப் போடுவோம். ஓட வரும் ஆயிரம் பேரில் 500 பேர் ஆளுக்கொரு காரில் வருகிறார்கள், போக வர 60 கிலோமீட்டர் என்று வையுங்கள். பிரிட்டிஷ் அரசு வெளியிடும் கணக்குப்படி ஒரு சராசரி பெட்ரோல் கார் கிலோமீட்டருக்குச் சுமார் 170 கிராம் கரியமில வாயுவை விடுகிறது. ஆளுக்குப் பத்து கிலோ, மொத்தம் ஐந்து டன். இன்னும் 20 பேர் ஆயிரம் கிலோமீட்டர் தள்ளியிருந்து விமானத்தில் வந்து திரும்புகிறார்கள். அதே அரசுக் கணக்கில் உள்நாட்டு விமானத்துக்குத் தலைக்குக் கிலோமீட்டருக்கு 250 கிராம் அளவில் வரும், விமானம் வானத்தில் விட்டுச்செல்லும் வெள்ளைக் கோட்டு மேகம் உண்டாக்கும் வெப்பமும் இதில் சேர்த்தி. ஆளுக்கு அரை டன், 20 பேருக்குப் பத்து டன். இப்போது உங்கள் பாட்டிலுக்கு வருவோம். 3,000 அரை லிட்டர் பாட்டில், ஒன்றுக்கு 80 கிராம் என்று வைத்தாலும் கால் டன்னைத் தொடவில்லை. ஆக, அந்த 20 பேர் 500 காரையும் இரண்டு மடங்கு முந்திவிட்டார்கள், பாட்டிலோ வெகு தூரம் பின்னால் வருகிறது.

இது உங்கள் சின்ன ஓட்டத்துக்கு மட்டும் உள்ள கதை இல்லை. ஃபார்முலா 1 கார் பந்தயத்தைப் பார்த்தால் யாருக்கும் முதலில் தோன்றுவது அந்தக் கார்கள் குடிக்கும் எரிபொருள்தான். அவர்கள் 2019-ல் வெளியிட்ட கணக்கில் மொத்தம் 2 லட்சத்து 56 ஆயிரம் டன். அதில் பந்தயக் கார்களின் பங்கு 0.7 சதவீதம்! சாமான்களை நாடு நாடாகத் தூக்கிக்கொண்டு போவது 45 சதவீதம், ஆட்கள் பறப்பது 28 சதவீதத்தை ஒட்டி. அதிலும் பார்க்க வரும் ரசிகர்களின் பயணம் அந்தக் கணக்கில் கிடையாது, அதையும் சேர்த்தால் கார்களின் பங்கு இன்னும் சுருங்கிப்போகும்.

சரி, ஓட வருகிறவர் எதில் வருகிறார் என்பது அவர் பாடு, நாம் என்ன செய்ய முடியும் என்று கேட்பீர்கள். நிறைய முடியும், ஏனென்றால் அதை முக்கால்வாசி நீங்கள்தான் தீர்மானிக்கிறீர்கள், தெரியாமலே. காலை ஐந்து மணிக்கு ஓட்டத்தைத் தொடங்கினால், முதல் பஸ்ஸும் முதல் ரயிலும் கிளம்புவதற்கு முன்னால் எல்லாரையும் மைதானத்தில் நிற்கச் சொல்கிறீர்கள் என்று அர்த்தம். அப்புறம் அவர் காரில் வராமல் வேறு எதில் வருவார்? வெயிலுக்குப் பயந்து ஐந்து மணி வைக்கிறீர்கள், அதைத் தள்ளிப்போடச் சொல்லவில்லை. தொடங்கும் இடத்தை ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் வையுங்கள், இல்லையென்றால் நாலு இடத்திலிருந்து விடியற்காலைப் பஸ் விடுங்கள். பஸ்ஸுக்கான பணத்தை பார்க்கிங் கட்டணத்திலிருந்து எடுங்கள். பார்க்கிங்கை இலவசமாகக் கொடுத்துவிட்டு பஸ்ஸுக்கு மட்டும் காசு வாங்குகிற ஏற்பாட்டாளர்களை நினைத்தால் எனக்குச் சிரிப்புத்தான் வருகிறது.

ஜெர்மனியில் இதை எப்போதோ செய்துவிட்டார்கள். 2006 உலகக் கோப்பைக் கால்பந்தில் ஆட்டத்தின் டிக்கெட்டே அன்றைய உள்ளூர் ரயிலுக்கும் பஸ்ஸுக்கும் டிக்கெட். 2024-ல் அங்கே நடந்த ஐரோப்பியக் கோப்பையில் அதை 36 மணி நேரமாக நீட்டினார்கள். உங்கள் ஓட்டக்காரரின் நெஞ்சில் குத்தும் எண் அட்டையைக் காட்டினால் போக்குவரத்துக் கழகம் ஏற்றிக்கொள்ளுமா என்று போய்க் கேளுங்கள். முடியாது என்பார்கள், அடுத்த வருஷமும் போய்க் கேளுங்கள்.

அப்புறம், பதிவுப் படிவத்தில் இரண்டே கேள்வி சேருங்கள்: எந்த ஊரிலிருந்து வருகிறீர்கள், எதில் வருகிறீர்கள். டி-ஷர்ட் அளவைக் கேட்கிற இடத்திலேயே கேட்டுவிடலாம். இது இல்லாமல் செய்கிற எந்தக் கார்பன் கணக்கும் ஊகம்தான். மர மெடலை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள், அழகாகத்தான் இருக்கிறது. 'பசுமை' என்ற பெயரை மட்டும் இந்தக் கணக்கைப் பார்த்த பிறகு வைக்கலாம்.

கல்லூரி மாணவி ஒருவர்: பாரிஸ் ஒலிம்பிக்ஸ் கார்பனைப் பாதியாகக் குறைத்தது என்கிறார்கள். கத்தார் உலகக் கோப்பைக் கால்பந்து 'கார்பன் நியூட்ரல்', அதாவது விட்ட கார்பனையெல்லாம் சரிக்கட்டிவிட்டது என்றார்கள். இரண்டையும் நம்பலாமா?

பதில்: முதலாவதைப் பெரும்பாலும் நம்பலாம். இரண்டாவதை நம்பக் கூடாது என்று தீர்ப்பே வந்துவிட்டது.

பாரிஸ் 2024-க்கு அவர்கள் கொடுத்த இறுதிக் கணக்கு சுமார் 15.9 லட்சம் டன். லண்டன் 2012, ரியோ 2016 இரண்டின் சராசரியோடு ஒப்பிட்டால் பாதிக்கும் குறைவு. இது எப்படி முடிந்தது என்றால், பெரிய தொழில்நுட்ப வித்தை ஒன்றும் இல்லை, கட்டவில்லை. அவ்வளவுதான். போட்டி இடங்களில் 95 சதவீதம் ஏற்கெனவே இருந்தவை அல்லது பிரித்து எடுத்துவிடக்கூடிய தற்காலிக அமைப்புகள். நீச்சல் அரங்கு மாதிரி ஒன்றிரண்டுதான் புதிது. டீசல் ஜெனரேட்டருக்குப் பதிலாகப் பெரும்பாலான இடங்களில் நேரடியாக மின் இணைப்பு இழுத்துக் கொடுத்தார்கள். கான்கிரீட்டும் இரும்பும் குறைந்தாலே ஒரு பெரிய துண்டு காணாமல் போய்விடுகிறது.

ஆனாலும் மிச்சமிருந்த கார்பனில் பாதிக்கு மேல் பயணம். உலகம் முழுக்க டிக்கெட் விற்றுவிட்டு அதை எப்படிக் குறைப்பது என்பதற்கு பாரிஸிடமும் விடை இல்லை. வேடிக்கையான விஷயங்களும் நடந்தன. விளையாட்டு வீரர்கள் தங்கும் கிராமத்தில் ஏசி வைக்காமல் தரைக்கடியில் குளிர்ந்த நீரை ஓட்டி அறையைக் குளிர வைக்கும் ஏற்பாடு செய்தார்கள். பல நாட்டு அணிகள் நம்பாமல் தனியாக ஏசிப் பெட்டி கேட்டு வாங்கி வைத்துக்கொண்டன. அலைச்சறுக்குப் போட்டியை 15,000 கிலோமீட்டருக்கு அப்பால் தாஹித்தித் தீவில் வைத்தார்கள், அலை அங்கேதான் நன்றாக இருக்கும் என்று. அங்கே நடுவர்களுக்கு அலுமினியக் கோபுரம் கட்டப்போய், ஊர்மக்கள் எதிர்ப்பில் கோபுரத்தைச் சின்னதாக்க வேண்டியதாயிற்று, அதற்குப் பிறகும் 2023 டிசம்பரில் வேலைக்கு வந்த மிதவை பவளப் பாறையில் உரசி உடைத்தது.

கத்தார் 2022-க்கு சர்வதேசக் கால்பந்து அமைப்பான ஃபிஃபா தானே போட்ட மதிப்பீடு 36.3 லட்சம் டன். இதில் ஒரு சாமர்த்தியத்தைக் கவனியுங்கள். புதிதாக ஏழு அரங்குகள் எழும்பின. அவற்றைக் கட்டிய கார்பனை முழுசாகப் போட்டிக் கணக்கில் எழுதவில்லை. அரங்கு அறுபது வருஷம் உழைக்கும், போட்டிக்குப் பயன்படுவது எழுபது நாள், ஆகவே எழுபது நாளுக்கான பங்கு மட்டும் என்று எழுதிக்கொண்டார்கள். போட்டி இல்லையென்றால் அந்த அரங்குகளே இல்லையே! கார்பன் மார்க்கெட் வாட்ச் என்ற அமைப்பு இதைப் போட்டி தொடங்குவதற்கு முன்பே சுட்டிக்காட்டியது. மிச்சத்தைக் கார்பன் கிரெடிட் (வேறொருவர் குறைத்த கார்பனுக்குப் பணம் கொடுத்து வாங்கும் சான்று) வாங்கிச் சரிக்கட்டுவோம் என்றார்கள். கடைசியில் சுவிட்சர்லாந்தின் விளம்பர நெறி ஆணையம் 2023 ஜூனில், இந்த 'நியூட்ரல்' பேச்சுக்கு ஆதாரம் இல்லை, இனி இப்படிச் சொல்லக் கூடாது என்று ஃபிஃபாவிடம் சொல்லிவிட்டது.

என்னைக் கேட்டால் இதைவிடப் பெரிய பிரச்சினை வேறு. 2018-ல் ஐ.நா. ஆதரவில் விளையாட்டு அமைப்புகள் ஓர் உடன்பாட்டில் கையெழுத்திட்டன, 2030-க்குள் பாதியாகக் குறைப்போம், 2040-க்குள் நிகர பூஜ்யம் (விடுவதும் திரும்ப எடுப்பதும் சமம்) என்பது அதில் பிறகு சேர்ந்த இலக்கு. ஃபிஃபாவும் அதில் உண்டு. கையெழுத்துப் போட்ட அதே கைதான் உலகக் கோப்பையை 32 அணியிலிருந்து 48 அணியாக்கி, 2026-க்கு மூன்று நாடுகளின் 16 நகரங்களில் 104 ஆட்டம் என்று விரித்து, 2030-க்கு மூன்று கண்டங்களில் ஆறு நாடுகள் என்று அட்டவணை போட்டது. அரங்கில் சோலார் தகடு வைத்து மிச்சம் பிடிப்பதையெல்லாம் அட்டவணை தின்றுவிடும்.

மலையேற்ற ஆர்வலர்: இரவில் விறகு மூட்டுவது, சின்ன கேஸ் அடுப்பு, இதில் எது கார்பன் குறைவு?

பதில்: ஒரு கிலோ சமையல் வாயு எரிந்தால் சுமார் மூன்று கிலோ கரியமில வாயு. நீங்கள் முதுகுப்பையில் கொண்டுபோகும் 230 கிராம் கேஸ் டப்பா முழுசாகத் தீர்ந்தாலும் கார் நாலு கிலோமீட்டர் ஓடியதற்குச் சமம். இதற்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். விறகு வேண்டாம் என்பதற்குக் காரணங்கள் வேறு: காட்டுத்தீ, புகைக்கரி, விழுந்து கிடக்கும் கட்டையில் வாழும் உயிர்கள். கேஸ் எடுத்துப் போங்கள்.

ஒலி-ஒளி ஒப்பந்தக்காரர்: திறந்தவெளி நிகழ்ச்சிகளுக்கு ஜெனரேட்டர் கொடுக்கிறேன். இப்போது எல்லாரும் 'பசுமை ஜெனரேட்டர் இருக்கிறதா' என்று கேட்கிறார்கள். அப்படி ஒன்று இருக்கிறதா?

பதில்: இந்தக் கடிதத்துக்காகவே காத்திருந்தேன், ஏனென்றால் மேடைக்குப் பின்னால் இருக்கும் உங்களுக்குத்தான் உண்மை தெரியும்.

ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ கரியமில வாயு. அது மாறாது. மாறுவது, அந்த லிட்டரிலிருந்து எவ்வளவு மின்சாரம் எடுக்கிறோம் என்பது. வழக்கமாக என்ன நடக்கிறது? ஏற்பாட்டாளர் பயத்தில் தேவைக்கு இரண்டு மடங்கு பெரிய ஜெனரேட்டர் கேட்கிறார். ஸ்பீக்கர்காரர் தனியாக ஒன்று, உணவுக் கடைகள் தனியாக ஒன்று, டிவி ஒளிபரப்பு வண்டி தனியாக ஒன்று. எல்லாம் திறனில் கால்வாசி சுமையில் ராத்திரி முழுக்க ஓடிக்கொண்டிருக்கும். குறைந்த சுமையில் ஓடும் எஞ்சின் ஒரு யூனிட்டுக்கு அதிக டீசல் குடிக்கும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. எரியாத எண்ணெயும் கரியும் உள்ளே சேர்ந்து எஞ்சினும் கெடும். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு ஃபிரிட்ஜுக்கும் நாலு விளக்குக்குமாக லாரி அளவு ஜெனரேட்டர் உறுமிக்கொண்டிருக்கும்.

ஆகவே முதல் வேலை, ஒவ்வொருவரிடமும் உண்மையில் எத்தனை வாட் என்று எழுதி வாங்குவது. சும்மா '63 ஆம்ப் லைன் வேண்டும்' என்று சொன்னால் ஏற்காதீர்கள், கருவி வாரியாகக் கேளுங்கள். எழுத ஆரம்பித்தாலே பாதி தேவை மாயமாகிவிடும். இரண்டாவது, தனித்தனியாக நிற்பவற்றை ஒன்றாக இணைப்பது. மூன்றாவது பேட்டரி. ஜெனரேட்டர் பகலில் சில மணி நேரம் நல்ல சுமையில் ஓடிப் பேட்டரியை நிரப்பட்டும், ராத்திரி பேட்டரி பார்த்துக்கொள்ளட்டும். சத்தமும் இருக்காது, பக்கத்தில் கூடாரத்தில் தூங்குகிறவர் உங்களை வாழ்த்துவார். பேட்டரி வாடகை அதிகம் என்று சண்டைக்கு வருகிற ஏற்பாட்டாளரிடம் போன வருஷ டீசல் பில்லை எடுத்து நீட்டுங்கள்.

இதற்கெல்லாம் முன்னால், தற்காலிக மின் இணைப்பு கிடைக்குமா என்று பார்க்க வேண்டும். கிடைக்கும், ஆனால் மாதக்கணக்கில் முன்னதாக விண்ணப்பிக்க வேண்டும், நம் ஆட்கள் கடைசி வாரத்தில் போய் நிற்பார்கள். தாவர எண்ணெய்க் கழிவிலிருந்து செய்யும் டீசலை விற்கிறவர்கள் 90 சதவீதம் வரை குறைகிறது என்பார்கள். மூலப்பொருள் உண்மையில் கழிவெண்ணெய்தானா என்பதைப் பொறுத்தது அது. காட்டை அழித்து நட்ட பனையெண்ணெய் என்றால் கணக்கு தலைகீழ். 'பசுமை ஜெனரேட்டர்' என்று கேட்கிறவரிடம், சின்ன ஜெனரேட்டர் இருக்கிறது, சம்மதமா என்று கேட்டுப் பாருங்களேன்.

பயண ஆர்வலர்: பனிப்பாறைகள் எல்லாம் உருகிப்போவதற்குள் ஒரு தடவை நேரில் பார்த்துவிட வேண்டும் என்று அண்டார்டிகா கப்பல் பயணத்துக்குப் பணம் சேர்க்கிறேன். இது தப்பா?

பதில்: தப்பு சரி சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. எண்ணைச் சொல்கிறேன், முடிவு உங்களுடையது. அங்கே போகும் கப்பல்களின் கரிப்புகை வெண்பனிமேல் படிந்து அதைக் கறுப்பாக்குகிறது. கறுத்த பனி வெயிலை உறிஞ்சிச் சீக்கிரம் உருகுகிறது. 2022-ல் வந்த ஓர் ஆய்வு, 2016 முதல் 2020 வரை சென்ற சுற்றுலாப் பயணி ஒவ்வொருவராலும் சுமார் 83 டன் பனி முன்னதாக உருகியிருக்கும் என்று மதிப்பிட்டது. வட துருவம் பற்றி 2016-ல் வந்த இன்னொரு ஆய்வு: ஒரு டன் கரியமில வாயுவுக்கு செப்டம்பர் மாதக் கடல் பனியில் மூன்று சதுர மீட்டர் குறைகிறது. நீண்ட தூர விமானம் ஏறி இறங்கினாலே டன் கணக்கில்தான்.

அழிவதற்குள் பார்த்துவிட வேண்டும் என்ற ஆசைதான் அழிவை முடுக்குகிறது என்பதை அந்தத் துறையில் இருப்பவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். போய்ப் பார்த்தவர்கள் மனம் மாறித் திரும்பி வந்து பூமியைக் காப்பார்கள் என்று பயண நிறுவனங்கள் சொல்வதுண்டு. விற்கிறவர் சொல்லும் வாதம் என்பதை மறக்காமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

சைக்கிள் குழு ஒருங்கிணைப்பாளர்: பங்கேற்பவர்களுக்கு டி-ஷர்ட், பை, கோப்பை எல்லாம் கொடுக்காவிட்டால் கோபிக்கிறார்களே?

பதில்: வேண்டும் என்று குறிப்பவருக்கு மட்டும் கொடுங்கள், அதற்குத் தனிக் கட்டணம் வையுங்கள். எத்தனை பேருக்கு உண்மையிலேயே வேண்டும் என்று ஒரே நாளில் தெரிந்துவிடும். வருஷத்தை அச்சடிக்காதீர்கள், மிஞ்சினால் அடுத்த முறை ஆகும். கோப்பைக்கு, ஆல்ப்ஸில் மோன் பிளாங் மலையைச் சுற்றி ஓடும் யூடிஎம்பி ஓட்டத்தில் ஓடுபவர் தன் கோப்பையைத் தானே கொண்டுவர வேண்டும் என்பது கட்டாயப் பொருள் பட்டியலிலேயே இருக்கிறது. யாரும் கோபித்துக்கொண்டு ஓடாமல் போகவில்லை, இடம் கிடைக்கத்தான் குலுக்கல் போடுகிறார்கள்.

பள்ளி விளையாட்டு விழாக் குழு: ஒரு நிறுவனம் எங்கள் விழாவின் கார்பனை 'சமன்' செய்து சான்றிதழ் தருகிறேன் என்கிறது. ஒவ்வொரு பங்கேற்பாளர் பேரிலும் ஒரு மரம் நடுவார்களாம். செய்யலாமா?

பதில்: மரம் நடுங்கள். சமன் என்று சொல்லாதீர்கள்.

நீங்கள் விட்ட கார்பன் இன்றைக்கே வானத்துக்குப் போய்விட்டது. நட்ட கன்று அதைத் திருப்பி எடுக்கப் பல பத்து வருஷம் ஆகும், அதுவும் பிழைத்தால். 2021-ல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் பூட்லெக் என்று பெயரிட்ட காட்டுத்தீ பரவியபோது, கார்பன் கிரெடிட்டாக விற்றிருந்த காட்டின் ஒரு பகுதியும் சேர்ந்து எரிந்தது. கிரெடிட் வாங்கியவர்கள் விட்ட புகை வானத்தில்தான் இருந்தது, காடு இல்லை. அந்த நிறுவனத்திடம் கேளுங்கள்: உங்கள் பணம் இல்லாவிட்டால் அந்த மரங்கள் நடப்பட்டிருக்காதா? பத்து வருஷம் கழித்து எத்தனை உயிரோடு இருக்கிறது என்று யார் எண்ணுவார்கள்? அதே மரத்தை வேறு எத்தனை பேருக்கு விற்றிருக்கிறார்கள்? மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராவிட்டால் சான்றிதழ் வெறும் காகிதம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2024-ல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. கிரெடிட் வாங்கியதை மட்டும் காட்டி, ஒரு பொருளை 'கார்பன் நியூட்ரல்' என்று நுகர்வோரிடம் விற்பதற்கு அதன்படி 2026 செப்டம்பர் முதல் தடை. இது பள்ளி விழாவுக்குப் பொருந்தாது, ஆனால் எந்தப் பேச்சு எடுபடாமல் போகிறது என்பதற்கு அடையாளம். அந்தப் பணத்தில் மாணவர்களை ஒரே பஸ்ஸில் அழைத்து வாருங்கள், குறைந்தது கண்ணெதிரே தெரியும்.

கடுப்பில் ஒரு வாசகர்: கோடீஸ்வரர்கள் தனி விமானத்தில் போய் மேட்ச் பார்க்கிறார்கள், வீரர்கள் தனி விமானத்தில் போய் ஆடுகிறார்கள். நான் வருஷத்துக்கு ஒரு தடவை மலைக்குப் போவதில்தான் உலகம் அழியப்போகிறதா?

பதில்: கோபம் நியாயம்தான். 2022 செப்டம்பரில் பிரான்ஸின் பிஎஸ்ஜி கால்பந்து அணி பாரிஸிலிருந்து நான்த் நகரத்துக்குத் தனி விமானத்தில் போனது. அதிவேக ரயிலில் இரண்டு மணி நேரத்துத் தூரம். ரயிலில் போகலாமே என்று நிருபர் கேட்டதற்கு அன்றைய பயிற்சியாளர் கிறிஸ்தோஃப் கால்டியே, மணலில் ஓடும் பாய்மர வண்டியில் போகலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறோம் என்று கிண்டலடித்தார், பக்கத்தில் இருந்த எம்பாப்பே சிரித்தார். பிரெஞ்சு அமைச்சர்கள் வரை கண்டித்தார்கள். இந்த ஆட்களைத் தட்டிக்கேட்காமல் உங்களை மட்டும் திட்டுவது அநியாயம்.

ஆனால் எண்ணையும் பாருங்கள். 2018-ல் உலக மக்களில் விமானம் ஏறியவர்கள் 11 சதவீதம் அளவுதான் என்றும், பயணிகள் விமானங்களின் கார்பனில் பாதி உலகின் ஒரே ஒரு சதவீதம் பேரால் வருகிறது என்றும் 2020-ல் வந்த ஓர் ஆய்வு சொல்கிறது. நீங்கள் மலைக்கு ரயிலிலோ பஸ்ஸிலோ போகிறவர் என்றால் இந்தப் பத்தி உங்களுக்கு இல்லை, நிம்மதியாகப் போய் வாருங்கள். ரயில் தலைக்குக் கிலோமீட்டருக்கு 35 கிராம் அளவு, தொலைதூரப் பஸ் அதற்கும் கீழே. ஆண்டுக்கு நாலு மாரத்தானுக்கு நாலு நாடு பறக்கிறவர் என்றால், அந்தக் கோடீஸ்வரர் பக்கம் நீங்களும் கொஞ்சம் ஒதுங்கி நிற்கிறீர்கள். நீண்ட தூர விமானத்தில் பிசினஸ் கிளாஸ் என்றால் சாதாரண இருக்கையைப் போலச் சுமார் மூன்று மடங்கு, இடத்தை அடைத்துக்கொள்கிற கணக்கில்.

மலைப்பகுதியில் தங்கும் வீடு நடத்தும் ஒருவர்: சுற்றுலா வருகிறவர்களை நம்பித்தான் எங்கள் பிழைப்பு. பயணமே பாவம் என்று எல்லாரும் எழுத ஆரம்பித்தால் நாங்கள் எங்கே போவது?

பதில்: பயணம் பாவம் என்று நான் எழுதவில்லை. சுற்றுலாத் துறையின் பங்கு 2019-ல் உலக வெப்ப வாயுக்களில் 8.8 சதவீதம் என்று 2024 ஆய்வு ஒன்று கணக்கிட்டது. அதை யாரும் சும்மா ஒதுக்கிவிட முடியாது. ஆனால் உங்கள் வருமானம் எத்தனை பேர் வந்தார்கள் என்பதில் இல்லை, எத்தனை இரவு தங்கினார்கள் என்பதில் இருக்கிறது. கார்பனோ நேர்மாறு, இரவுகளைப் பற்றி அதற்கு அவ்வளவு கவலை இல்லை, வந்து போன தடவைகள்தான் அதற்கு முக்கியம். பத்துப் பேர் இரண்டு இரவு தங்கினாலும் 20 இரவு, நாலு பேர் ஐந்து இரவு தங்கினாலும் 20 இரவு. உங்கள் கல்லாவுக்கு இரண்டும் ஒன்று. வந்து போன பயணம் பத்திலிருந்து நாலாகிவிட்டது. படுக்கை விரிப்பு துவைக்கிற வேலையும் பாதிக்கு மேல் மிச்சம்.

ஆகவே விலையை அப்படி மாற்றுங்கள். முதல் இரண்டு இரவு முழு விலை, மூன்றாவதிலிருந்து இறங்கட்டும். சனி ஞாயிறுக்கு மட்டும் பறந்து வந்து ஓடுகிறவர் அதிகம் கொடுக்கட்டும். பூட்டான் வெளிநாட்டுப் பயணிகளிடம் இரவுக்கு இத்தனை டாலர் என்று கட்டணம் வாங்குகிறது, 2022-ல் 200 டாலராக்கி 2023 செப்டம்பரில் 100 ஆகக் குறைத்தது. கூட்டத்தைக் கட்டுப்படுத்த நல்ல ஏற்பாடுதான், ஆனால் இரவுக்கு இவ்வளவு என்று வைத்தால் நீண்ட நாள் தங்குகிறவருக்குத்தான் அதிகம் வலிக்கும். அதை அவர்களும் உணர்ந்திருக்க வேண்டும், 2023-ல் நாலு இரவுக்குக் கட்டினால் மேலும் நாலு இரவு கட்டணமில்லை என்று சலுகை அறிவித்தார்கள். ஒரே ஒரு தடவை வாங்கும் நுழைவுக் கட்டணமாக வைத்திருந்தால் இந்தச் சலுகையே தேவைப்பட்டிருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொன்று, உங்கள் விளம்பரம் யாருக்குப் போகிறது என்று பாருங்கள். மூவாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறவரை இழுக்கச் செலவழிக்கும் பணத்தில், ஒரு ராத்திரி ரயிலில் வந்துவிடக்கூடிய தூரத்தில் இருப்பவரை இரண்டு தடவை கூப்பிடலாம். அவர் சீசன் இல்லாத மாதத்திலும் வருவார். ரயில் நிலையத்திலிருந்து அழைத்துவர ஒரு வண்டி ஏற்பாடு பண்ணுங்கள், பக்கத்து வீட்டுக்காரர்களோடு சேர்ந்து செய்தால் செலவு கட்டுப்படியாகும். முன்பதிவை உறுதி செய்து அனுப்பும் செய்தியில் கார் பார்க்கிங் பற்றி எழுதுவதற்கு முன்னால், எந்த ரயில், எத்தனை மணிக்கு, அங்கிருந்து யார் அழைத்து வருவார் என்பதை எழுதுங்கள். வருகிறவர் எதில் வந்தார் என்று பதிவேட்டில் ஒரு கட்டமும் சேர்த்துவிடுங்கள், அடுத்த வருஷம் கணக்குப் பார்க்க வேறொன்றும் வேண்டியிருக்காது.